துண்டுச் சீட்டிலிருந்து பேராதனை வரை

(ஹட்டனில் ஆசிரியர்கள், தோட்டச் சுகாதார உத்தியோகத்தர்கள், தொழிற்சங்கத் தலைவர்மார் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டங்களில் பேசப் போகும்போதெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துக் கேட்பார்: "ஐயா, எங்க அம்மாவுக்கு வாயில ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. எந்த டொக்டர்கிட்ட காட்டணும்?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்ட வேண்டியவர் வாய், முகம், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர். ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவை ஓ.எம்.எஃப். என்பார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்க வேண்டிய கிளினிக் அதுதான். நமக்குப் பக்கத்தில் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸும், நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகப் போகும் பஸ்ஸும் கம்பளையில் ஒன்று சேர்ந்து, கண்டியை எட்டுமுன் பேராதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி, வைத்தியத்துக்குக் காசு இல்லை.

வழி இவ்வளவு நேராக இருந்தும் நம் ஆட்கள் அங்கே போய்ச் சேருவதில்லை, சேர்ந்தாலும் பிந்திச் சேருகிறார்கள். அதற்கான காரணங்களைத்தான் இன்று பேச வந்தேன். வழி சொல்வது மட்டும் என் வேலையாக இருந்திருந்தால் இந்நேரம் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்ப்போம். ஆறாத வாய்ப் புண் புற்றுநோயாக இருக்கலாம், அதற்குப் பல் வைத்தியம் படித்து வந்த இந்த நிபுணரிடம் போகச் சொல்கிறோம். "பல்லு டொக்டருக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். உடைந்த தாடையைப் பொருத்துவதற்கு அளவுகோல் பல்வரிசைதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி கடித்துப் பொருந்தினால் எலும்பும் சரியாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். அதனால் முக எலும்பு வேலை பல் வைத்தியர் கைக்கு வந்தது. முதலாம் உலக யுத்தத்தில் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டிய சிப்பாய்கள் முகம் சிதைந்து ஆயிரக்கணக்கில் வந்தபோது, இங்கிலாந்தின் சிட்கப் ஆஸ்பத்திரியில் ஹரல்ட் கில்லீஸ் என்ற சத்திர வைத்தியர் பல் வைத்தியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த முகங்களை மீண்டும் கட்டினார். 1917இல் முகக் காயங்களுக்கென்றே திறந்த ஆஸ்பத்திரி அது. அங்கிருந்தும் அதுபோன்ற பிற இடங்களிலிருந்தும் வளர்ந்ததுதான் இந்தத் துறை. நம் நாட்டில் பல் வைத்தியப் பட்டம் முடித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் இந்தத் துறைக்கென்று வருடக்கணக்காகப் பயின்று, எம்.டி. முடித்து, பிறகுதான் நிபுணராகிறார். பல் பிடுங்குபவர் என்று நினைத்து அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். புற்று பிடித்த தாடை எலும்பில் பாதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பெடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைக்கும் சத்திரசிகிச்சையெல்லாம் இந்தத் துறையின் வேலைதான்.

அவரிடம் போக வேண்டிய நோய்கள் நம் லயங்களில் எத்தனை! சரிவில் விழுந்து தாடை உடைந்தவர் இருக்கிறார். குடித்துவிட்டு வந்த புருஷன் அடித்துக் கன்ன எலும்பு நொறுங்கியவர் இருக்கிறார். அவர் கிளினிக்கில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் சொல்வார். உதடு பிளந்து பிறந்த பிள்ளையைக் கிரகணத்தின் மேல் பழிபோட்டு மறைத்து வளர்க்கும் வீடு இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வயதுக்கு முன்பே உதட்டைத் தைத்துச் சரிசெய்யலாம். அண்ணப் பிளவையும் பேச்சு வருவதற்கு முன்பே மூடிவிடலாம்.

ஒன்றுக்கு மட்டும் கிளினிக் நாள் பார்க்கவே கூடாது. சொத்தைப் பல்லின் சீழ் தாடைக்குக் கீழே இறங்கி, இரண்டு பக்கமும் கழுத்து மரக்கட்டையாக வீங்கி, நாக்கு மேலே தள்ளி, விழுங்க முடியாமல் எச்சில் வடிகிறதா? 1836இல் ஜெர்மன் வைத்தியர் லுட்விக் விவரித்த நோய் அது, மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். காலை வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். பல் வலிக்கு உயிர் போகுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. போகும்.

இனி இன்றைய உரையின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் நிற்கிறது. அதற்கு முந்தைய நிலையில் இருக்கும் வாய் நோய்கள் தோட்டப்புறத்தில் கூடுதல் என்பதைப் பேராதனை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். தோட்டத்தில் ஆண்களோடு பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். அது ஏன் என்று இங்கே உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம். காலைப் பனியில், மழைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, அட்டை கடிக்க மலையில் நிற்பவளுக்குப் பசியையும் குளிரையும் மறக்க வைப்பது அந்த ஒரு வாய் வெற்றிலை. கல்யாணத்திலும் சாவிலும் தாம்பாளத்தில் வைக்கிற மரியாதையும் அதுதான். வெற்றிலையைப் பழிக்க நான் வரவில்லை. அதோடு சேரும் பாக்கையும் புகையிலையையும் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புகையிலை கெடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். பாக்கைப் பற்றித்தான் தெரியாது. "நான் பொயல போடுறதில்லிங்க, வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. சிகரெட்டும் அதே வகுப்பில்தான் இருக்கிறது.

பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற இரசாயனம், கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நாரை வளர்க்கிறது. வளர்ந்த நார் கரைவதில்லை. முதலில் மிளகாய் பட்டால் எரியும். பிறகு கன்னம் வெளுத்து, நனைந்து காய்ந்த தோல்வார் மாதிரி விறைக்கும். பிறகு வாய் திறப்பது குறையும். 1952இல் கிழக்கு ஆபிரிக்காவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதினார். அடுத்த வருடம் இந்தியாவில் ஜோஷி எழுதினார். கப்பலேறிப் போன நம் ஜனங்கள் போன இடமெல்லாம் பாக்கும் போனது, பின்னால் இந்த நோயும் போனது. இதில் ஒரு பகுதி பிற்காலத்தில் புற்றாக மாறுகிறது. மாறாவிட்டாலும் சோற்றுக் கவளம் நுழையாத வாயோடு வாழ்வது லேசான காரியமில்லை.

2016இல் அரசாங்கம் மெல்லும் புகையிலைப் பொருட்களைத் தடைசெய்தது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பாபுல், மாவா என்று கேட்டால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிறது. இங்கே இருக்கும் ஆசிரியர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆத்தா வெற்றிலைப் பையைத் திறந்து போடுவதாவது கண்ணுக்குத் தெரிகிறது, பேரன் பாக்கெட்டைக் கிழித்துப் போடுவது யாருக்கும் தெரிவதில்லை.

எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்? வெற்றிலை போடுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு பக்கக் கன்னத்தில்தான் ஒதுக்கி வைப்பார்கள். அந்தக் கன்னத்தை முதலில் பாருங்கள். பிறகு நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடி, கீழ்ப்பல் ஈறு. துடைத்தால் போகாத வெள்ளைப் படை, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் காட்ட வேண்டும். முக்கியமாக ஒன்று, ஆரம்பத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. வலி வந்தபிறகு போகலாம் என்று இருப்பதுதான் நம்மைக் கெடுக்கிறது.

சரி, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துக்காரர் பார்த்தார், சந்தேகப்பட்டார், பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1872இல் வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்தது. கோப்பித் தோட்டங்களில் ஆட்கள் செத்து விழுந்ததைக் கண்டு, அவர்களுக்கு மருந்து கொடுப்பதைத் தோட்ட முதலாளிமாரின் பொறுப்பாக்கினார்கள். அன்றைக்கு அது ஒரு முன்னேற்றம். ஆனால் அதனால்தான் தோட்டத்து வைத்தியம் ஒரு பக்கமும் அரசாங்க வைத்தியம் ஒரு பக்கமுமாக நூறு வருடத்துக்கு மேல் பிரிந்து நின்றன. 1951க்குப் பிறகு நாடெல்லாம் இலவச வைத்தியம் பார்த்தபோதும், நமக்கு முதல் வாசல் தோட்டத்து டிஸ்பென்சரியாகவே இருந்தது. 1948இல் குடியுரிமையும் போயிருந்த ஜனத்துக்கு, தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள அரசாங்கக் கட்டிடம் எதுவுமே தன்னுடையதாகத் தோன்றவில்லை. 1990களிலிருந்து அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பெடுத்து வருகிறது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் இந்தியப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். கட்டிடங்கள் வந்துவிட்டன. ஆனாலும் தலைமுறைப் பழக்கம் கட்டிடத்தோடு மாறிவிடாது.

அந்தத் துண்டு அலுமாரியில், சாமிப் படத்துக்குப் பின்னால், மடித்தபடி இருக்கிறது. ஏன்? கிளினிக் வார நாளில். அன்று மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. ஒரு நாள் பேர் என்பது 2021இல் எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த 1000 ரூபா, பிறகு கூடிய தொகை. அதோடு பஸ் காசு, கூடப் போகிறவருக்கும் பஸ் காசு, அவருக்கும் பேர் இல்லை. முதல் நாள் பார்த்து, அடுத்த நாள் சதைத்துண்டு எடுத்து, அதற்கடுத்து ரிப்போட் வாங்க என்று நாட்கள் போகும். வைத்தியம் இலவசம் என்று மேடையில் சொல்லும் நாம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. கொழுந்து நிறைந்த மாதத்தில் ஒரு பெண் நாலைந்து நாள் பேரை விட்டுக்கொடுத்து, வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டுக்காகக் கண்டிக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கூடப் போகிறவர் எதற்கு? வழி தெரியாதென்பது பாதிக் காரணம். மீதிப் பாதி பாஷை. தமிழும் அரச கரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது, கிளினிக் வரிசையில் பெரும்பாலும் இல்லை. சிங்களம் தெரிந்த பேத்தியைப் பாடசாலைக்கு மட்டம் போடவைத்து அழைத்துப் போகிறார்கள். "உங்கள் ஆத்தாவுக்குப் புற்றுநோய்" என்ற சேதியை டொக்டர் சொல்லி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை அதை அப்படியே சொல்லும் என்று யார் எதிர்பார்ப்பது?

பயமும் இருக்கிறது. "கத்தி பட்டா பரவிருங்க டொக்டரய்யா" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். "பரவாதும்மா. சின்னத் துண்டு எடுத்து அது என்ன நோய்னு பாக்கத்தான். விட்டாத்தான் பரவும்" என்று எத்தனை முறை சொன்னாலும், பக்கத்து லயத்தில் ஒப்பரேஷன் செய்து மூன்று மாதத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்வார்கள். இறந்தவர் எந்த நிலையில் போனார் என்பதை யாரும் சொல்வதில்லை. முற்றிய பிறகு போனவரின் சாவுதான் போகாதவர்களுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கதையல்ல. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராகி, வாய்ப் புற்றுநோயில் உலகம் மதிக்கும் பெயராக வளர்ந்தவர் அவர். அந்த ஆய்வில் இலங்கையின் குடும்ப சுகாதார சேவையாளர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, ஒரு வருடத்துக்குள் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். நூற்றில் நாலு பேருக்குச் சந்தேகப்படும்படி ஏதோ இருந்தது. மிட்வைஃப் மாதிரியானவர்கள் வாய் நோயைச் சரியாக அடையாளம் காண முடியும் என்று உலகத்துக்கு முதலில் காட்டிய ஆய்வுகளில் இது ஒன்று. நம் நாட்டுக்குப் பெருமை. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. துண்டு வாங்கியவர்களில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலானவர்கள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

நாற்பது வருடமாக அந்தக் கட்டுரையின் முதல் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் அக்கறை வராமல் போன மற்றவர்கள் மேல்தான். நிபுணரைத் தேடுவது நோயாளியின் வேலை என்று நாம் விட்டுவைத்திருப்பது சரியில்லை. துண்டு எழுதியவர், நோயாளி போய்ச் சேர்ந்தாரா என்று தேட வேண்டும்.

தேடினால் பலன் உண்டா? கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996இல் தொடங்கி பல வருடம் ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். பயிற்சி பெற்றவர்கள் வீடுவீடாகப் போய் வெறும் கண்ணால், டோர்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். 2005இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது. புகையிலை, சாராயப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 வீதம் குறைந்திருந்தது. பெரிய யந்திரம் எதுவும் இல்லாமல், பார்த்ததாலும் பார்த்தவர்களை வைத்தியத்துக்குச் சேர்த்ததாலும் வந்த பலன் அது.

அதனால் தொழிற்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சம்பளத் தொகைக்காகப் பேசுகிறீர்கள், பேசத்தான் வேண்டும். அதே மேசையில் கிளினிக் நாளையும் வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி முத்திரை வைத்த கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைக்குப் பேர் போட வேண்டும். முழுப்பேர் முடியாதென்றால் அரைப்பேரிலிருந்தாவது பேச்சைத் தொடங்குங்கள். கம்பனிக்கு இது பெரிய செலவில்லை. முற்றிய நோயோடு ஒரு தொழிலாளி வேலையை விடுவதைவிடக் குறைந்த செலவு.

மருந்துக்காரர்கள், மிட்வைஃப்மார்: துண்டு வாங்கியவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, போகாதவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரே தோட்டத்தில் நாலு பேர் போக வேண்டியிருந்தால் நாலு பேரையும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒரு சிங்களம் தெரிந்த பெரியவர் கூடப் போனால் போதும், நாலு பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். போகுமுன் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் அழைத்து ஓ.எம்.எஃப். கிளினிக் எந்த நாள், நிபுணர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். மலைநாட்டுக்கு வரும் நிபுணர்கள் இடமாற்றம் வாங்கிப் போவதும், புதியவர் வரும்வரை நாற்காலி காலியாக இருப்பதும் நமக்குப் பழகிய கதை. பேராதனையில் துண்டு இல்லாமலும் வெளிநோயாளர் பிரிவில் பதியலாம். துண்டு இருந்தால் சரியான அறைக்குச் சீக்கிரம் போகலாம்.

காசு கொடுத்துச் செனல் பண்ணுவதைப் பற்றியும் கேட்பீர்கள். டவுணில் மாலை நேரத்தில் பார்க்கும் நிபுணர் பெரும்பாலும் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பவர்தான். ஒருமுறை காசு கொடுத்துப் பார்த்தாலும், சத்திரசிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்வார். பல்லுக்குக் கம்பி போடுபவரும் நிபுணர்தான், வேர்ச் சிகிச்சை செய்பவரும் நிபுணர்தான், நமக்கு வேண்டியவர் அவர்களல்ல. பெயர்ப்பலகையில் "ஸ்பெஷலிஸ்ட்" என்று இருந்தால் எதில் என்று கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதியாமலே கதிரை போட்டுப் பல் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறாத புண்ணுக்குப் பக்கத்துப் பல்லை அவர்கள் பிடுங்கிவிடுவதுதான் மிகவும் மோசம். புற்று இருக்கும் இடத்தில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது, நோய் மறைந்து நின்று வளரும். கதிர் சிகிச்சைக்குப் போக இருப்பவருக்குக் கெட்ட பற்களை முன்கூட்டியே நிபுணர் பார்த்து எடுத்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே அழுகிவிடலாம்.

ஒரு சகோதரி எழுதிக் கொடுத்த கேள்வி இது: "எங்க ஆத்தாவுக்கு எழுபது வயசு. வெத்தலைய விடச் சொன்னா சோறே வேணாம்னு உக்காந்துக்கிறாங்க. என்ன செய்றது?"

சண்டை போடாதீர்கள். புகையிலையை முதலில் நிறுத்தப் பாருங்கள், பிறகு பாக்கைக் குறையுங்கள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே தூங்க விடாதீர்கள், படுக்குமுன் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைக்கும்போதே, போனிலுள்ள டோர்ச்சை அடித்து அந்தக் கன்னத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஏதாவது தெரிந்தால் போட்டோ எடுத்து மிட்வைஃபிடம் காட்டுங்கள். மூன்று வாரம் கழித்தும் அது அங்கேயே இருந்தால், ஆத்தா வேண்டாம் என்று சொன்னாலும் கண்டி பஸ்ஸில் ஏற்றி, பேராதனையில் இறக்குங்கள்.